மில்லிமீட்டர் மரியாதை

கொழுப்பாபீஸில் நாற்காலி மாறிய அன்றைக்குத்தான் அஷ்ரப்புக்கு முதன்முதலாக ஏதோ சரியில்லை என்று பட்டது. அதுவரைக்கும் அவனையும் அவன் மனைவி மிஸ்பாவையும் அங்கே ஸ்டூலில்தான் உட்கார வைப்பார்கள். நீலக் கலர் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் கொஞ்சம் கட்டை. அன்றைக்கு மிஸ்பாவுக்கு அளவெடுத்துவிட்டு வெளியே வந்தால் கை வைத்த நாற்காலி போட்டிருந்தது. அதன் மேல் டர்க்கித் துண்டு விரித்திருந்தது. பக்கத்தில் மூடி போட்ட இரண்டு டம்ளர் டீ.

"யாருக்குங்க இது?" என்று கேட்டான் அஷ்ரப்.

"உங்களுக்குத்தான் பாய், உக்காருங்க" என்று பல் தெரியச் சிரித்தாள் ஜெபஷீலா. அவள் அங்கே ஒருங்கிணைப்பாளர். சேர்ந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. மரியாதை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இரண்டு பேரும் உட்கார்ந்து டீயைக் குடித்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த பலகையில் அவன் கண் போனது. மிஸ்பாவின் எண்ணுக்கு நேரே அன்றைய அளவை எழுதியிருந்தார்கள். போன தடவை முப்பத்து மூன்று மில்லிமீட்டர். இந்தத் தடவை இருபத்தேழு.

கொழுப்பாபீஸ் என்பது ஊர் வைத்த பெயர். நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், தாய்மைக்காலக் கருப்பைவாய்க் கொழுப்பமில வளர்சிதைமாற்ற உயராய்வு நிறுவனம். உத்தமபாளையத்துக்கு வெளியே புறவழிச்சாலையில் இருக்கிறது. முகப்புச் சுவர் பெயருக்குப் போதாததால் 'நிறுவனம்' என்ற சொல்லை மட்டும் பக்கத்துச் சுவரில், தென்னந்தோப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கம்பத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "கொழுப்பாபீஸ் எல்லாம் எறங்கு" என்றுதான் கூவுவார். நிறுவனத்தார் ஆட்சேபித்து ஒரு கடிதம் எழுதினார்கள். கடிதத்தில் கண்ட பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடுகிறது என்று டிப்போவிலிருந்து பதில் வந்தது.

அஷ்ரப்புக்குக் கம்பத்தில் தேங்காய் எண்ணெய் மில். காமயகவுண்டன்பட்டித் தோப்புகளிலிருந்து காய் வரும். கொப்பரையாகி, எண்ணெயாகி, குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குப் போகும். அவன் சட்டையைத் துவைத்த தண்ணீரில்கூட எண்ணெய் மிதக்கும். நல்ல மனிதன், அதிகம் கேள்வி கேட்கத் தெரியாதவன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் மிஸ்பாவுக்கு ஆறாம் மாதம் முடிவதற்குள் கருப்பைவாய் திறந்துகொண்டது. ஆண் குழந்தை. நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அஷ்ரப் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. ஏன் திறந்தது? இதுதான் அவன் கேள்வி.

மறுபடியும் மிஸ்பா உண்டானபோது, நிறுவனத்தின் ஜீப் மைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தது. "தாய்மார்களே, உங்கள் கருப்பைவாய் காலத்துக்கு முன்பே திறக்கிறதா? வாருங்கள், காரணம் அறிவோம்!" அந்தக் கேள்விக்கு ஓர் ஆபீஸே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அஷ்ரப் ஜீப்புக்குப் பின்னாலேயே தெருமுனை வரை நடந்தான். மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான்.

சேர்க்கை விழாவில் இயக்குநர் டாக்டர் வைகுண்டராஜ் பேசினார். "தாய்மார்களே! கர்ப்பப்பைக்குக் கீழே ஒரு வாய் இருக்கிறது. பத்து மாதம் மூடியிருக்க வேண்டும், பிறகு திறக்க வேண்டும். எப்போது மூடியிருக்க வேண்டும் என்று தெரிந்த வாய் உலகத்திலேயே அது ஒன்றுதான். அந்த அறிவு அதற்கு எங்கிருந்து வருகிறது? கொழுப்பமிலத்திலிருந்து! அங்குள்ள செல்கள் கொழுப்பமிலத்தை எடுத்து எரிக்கின்றன, சேர்த்து வைக்கின்றன, அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் சமிக்ஞையைச் செய்கின்றன. கல்லாக இருந்த வாய் வெண்ணெயாகிறது. சிலருக்கு மட்டும் இது முந்திக்கொள்வது ஏன்? அதைக் கண்டுபிடிக்கவே நாங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிறோம்." டாக்டர் தமது வாயை மூட ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

பிறகு இருபத்திரண்டு பக்கச் சம்மதப் படிவம். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. அது முடிந்ததும் 'ஆய்வு வளைகாப்பு'. ஏழாம் மாதம் போட வேண்டிய வளையலை நாலாம் மாதத்திலேயே போட்டார்கள். மிஸ்பாவின் மணிக்கட்டில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வளையல் ஒன்று கிளிக்கென்று பூட்டிக்கொண்டது. மேலே கறுப்புக் கோடுகள், கீழே 417 என்று எண். சந்தனம் கொடுத்தார்கள். வளையலைக் கழற்றச் சாவி கிடையாது என்றும் சொன்னார்கள்.

"நீங்க என்ன தொழில் பாய்?" என்று கேட்டாள் ஜெபஷீலா.

"எண்ணெய் மில்லுங்க."

அவள் பேனா நின்றது. உள்ளே போய் டாக்டரையே கூட்டி வந்தாள். டாக்டர் அஷ்ரப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார், முகர்ந்தார். "கொழுப்பமில ஆராய்ச்சியில் கலந்துகொள்ளும் பெண்ணுடைய வீட்டில் காற்றெல்லாம் கொழுப்பமிலம். அறிவியலில் இதற்குப் பெயர் உண்டு. குழப்பக் காரணி" என்றார். அன்று முதல் ஆபீஸ் பதிவேட்டில் அஷ்ரப் கணவன் அல்ல, குழப்பக் காரணி. அப்படியே எழுதிய ஆரஞ்சு நிற அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மனைவிக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவள் அருகில் போகுமுன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்று விதித்தார்கள். பிள்ளை நிற்க வேண்டும் என்பதற்காக அஷ்ரப் நாலாவது தடவையும் குளித்தான்.

வீட்டுச் சமையலுக்கு நிறுவனமே சீல் வைத்த டின்னில் எண்ணெய் அனுப்பியது. அது என்ன எண்ணெய் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆய்வு கெட்டுவிடும். முதல் டின்னை மிஸ்பா திறந்த மாத்திரத்தில் கூடத்திலிருந்தபடியே அஷ்ரப் சொன்னான்: "தவிட்டெண்ணெய். ஆட்டி நாலு மாசம் இருக்கும். லேசாச் சிக்கு வாடை அடிக்குது." இருபது வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்காமல் மறுநாள் ஆபீஸிலும் போய்ச் சொல்லிவிட்டான். ஜெபஷீலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். விதிமீறல் படிவம் ஒன்று எழுதப்பட்டது. இனிமேல் சமையல் நேரத்தில் குழப்பக் காரணி மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று துணி காயப்போடும் கிளிப் ஒன்று, கையொப்பம் வாங்கிக்கொண்டு வழங்கப்பட்டது.

இதையெல்லாம் அவன் சகித்துக்கொண்டான். பதினாறாம் வாரம் எடுத்த அளவில் கருப்பைவாயின் நீளம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். நீளம் இருந்தால் வாய் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்; நீளம் குறையக் குறையப் பூட்டு இளகுகிறது. இந்த அளவுக்கு அவனுக்கே புரிந்தது. அன்றைக்கு ஸ்டூல், குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. பதினெட்டாம் வாரம் முப்பத்து மூன்று. அதே ஸ்டூல், ஆனால் தண்ணீர் வந்தது. இருபதாம் வாரம் இருபத்தேழு, கை வைத்த நாற்காலி, டர்க்கித் துண்டு, டீ. இருபத்திரண்டாம் வாரம் அளவு எடுத்துவிட்டு மிஸ்பா வெளியே வந்தபோது, ஹாலில் இருந்த ஊழியர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

பச்சை வெல்வெட்டில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று, கீழே சக்கரத்தோடு உருண்டு வந்தது. பாதாம் பால் வந்தது. பலகையில் இருபத்திரண்டு என்று சிவப்பு மையில் எழுதி, அதைச் சுற்றி ஒரு பூ வரைந்திருந்தார்கள்.

"மச்சான், எனக்கு இந்தப் பால் வேணாம்" என்றாள் மிஸ்பா மெதுவாக. "இவுக மொகத்தப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. கல்யாண வீட்டுல மாதிரி சிரிக்கிறாக."

அளவெடுக்கும் அறையில் நர்ஸாக இருந்த ஏஞ்சல் கெங்குவார்பட்டிப் பெண். கைகழுவும் இடத்தில் அஷ்ரப்பைத் தனியாகப் பார்த்தபோது குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினாள்.

"அண்ணே, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீக. இங்கன அக்காவுக்கு முன்னாடி நானூத்திப் பதினாறு பேரச் சேத்தாக. பெத்தவுக எல்லாரும் நாள் தவறாமப் பெத்துட்டாக. மிச்சம் இருக்கவுகளும் கல்லு மாதிரி இருக்காக. ஒருத்தருக்காச்சும் முன்கூட்டியே வாய் தெறந்தாத்தான் ஆராய்ச்சி. இல்லைன்னா இந்த வருசத்தோட ஆபீஸச் சாத்திருவாக."

"அப்ப மிஸ்பாவுக்கு..."

"உள்ள மீட்டிங் ரூம்ல அக்கா போட்டோவப் பெருசா ஒட்டி வச்சிருக்காக. 'எதிர்பார்க்கப்படும் முதல் நிகழ்வு'ன்னு." ஏஞ்சலுக்குக் கண் கலங்கியது. "ஒரு தையல் போட்டா வாயி நிக்கும்ணே. இருபத்தி நாலு வாரத்துக்குள்ள போடணும். இவுக போட மாட்டாக. போட்டா ஆராய்ச்சி கெட்டுப்போகும்பாக. வெளிய எங்கனயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க."

குழாயை மூடிவிட்டு அவள் போய்விட்டாள். இரண்டு மாதமாகத் தன் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அஷ்ரப். அவர்கள் தேடிக்கொண்டிருந்தது இன்னொரு நாற்பது நிமிடத்தை.

அன்று மாலையே கம்பத்தில் டாக்டர் சொர்ணலதாவிடம் போனார்கள். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையிலயே தையல் போட்டுரலாம், வெறும் வயித்தோட வாங்க" என்றார். பெயரைப் பதிய அங்கிருந்த நர்ஸ் வளையலைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வாசகம் வந்தது: ஆய்வுப் பொருள். குறுக்கீடு தடை செய்யப்பட்டது. காலையில் வெறும் வயிற்றோடு போய் நின்றபோது, டாக்டரம்மாவின் மேசையில் வக்கீல் கையெழுத்தோடு நாற்பது பக்கக் கடிதம் ஒன்று உட்கார்ந்திருந்தது. "அவுகளே எழுத்துல விடுவிச்சாத்தான் நான் தொட முடியும், அஷ்ரப். என் லைசென்ஸே போயிரும்" என்றார் அவர், அவன் முகத்தைப் பார்க்காமல். மதுரையில் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தான். கடிதம் அவனுக்கு முன்னால் பஸ் பிடித்துப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து கொப்பரை நறுக்கும் கத்தியை எடுத்து வளையலை அறுத்தான். அரை மணி நேரத்தில் வாசலில் ஜீப் நின்றது. "அறுந்துருச்சா பாய்? பரவாயில்ல, ஸ்பேர் வச்சிருக்கோம்" என்று ஜெபஷீலா உள்ளே வந்து, மிஸ்பாவின் கையைப் பிடித்து, இன்னொன்றைக் கிளிக்கென்று பூட்டிவிட்டுப் போனாள். இது முந்தையதைவிடத் தடிமனாக இருந்தது.

விடுவிப்பு வேண்டுமென்றால் நெறிமுறைக் குழு கூடி முடிவெடுக்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். அஷ்ரப் டாக்டர் வைகுண்டராஜின் அறை வாசலில் இரண்டு நாள் நின்றான், அழுதான், கடைசியில் காலிலும் விழப் போனான். டாக்டர் பதறி விலகினார். அவர் செருப்பில் எண்ணெய் பட்டுவிடக் கூடாது. ஆனால் மனமிரங்கி, இருபத்து மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை சிறப்புக் கூட்டம் போட்டார்.

குழுவில் ஐந்து பேர். டாக்டர், டாக்டரின் மைத்துனர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஜெபஷீலா, ஐந்தாவதாகப் பொதுமக்கள் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதியின் நாற்காலி காலியாக இருந்தது.

"பிரதிநிதி எங்கே?" என்றார் டாக்டர்.

"வந்துட்டாரு சார்" என்று ஜெபஷீலா அஷ்ரப்பைக் காட்டினாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சம்மதப் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். "பதினேழாம் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீகளே பாய். ஆராய்ச்சி பத்தி ஒண்ணும் தெரியாத ஒருத்தரு வேணும்னு விதி. நீங்கதான எப்பவும் இங்கன உக்காந்திருக்கீக."

அஷ்ரப்புக்கு ஒரு நிமிடம் உலகமே நல்லதாகத் தெரிந்தது. தானே குழுவில் இருந்தால் தானே கையைத் தூக்கலாம் அல்லவா! நாற்காலியில் போய் உட்கார்ந்தான். தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மனுவை வாசித்தார். எண் 417, விடுவிப்புக் கோரிக்கை. கோருபவர், குழப்பக் காரணி.

"ஒரு நிமிடம்" என்றார் டாக்டரின் மைத்துனர். "இந்த மனுவில் நமது பிரதிநிதிக்குச் சொந்த நலன் இருக்கிறது. நெறிமுறைப்படி அவர் அறையை விட்டு வெளியேற வேண்டும்."

"நியாயம்" என்றார் டாக்டர்.

அஷ்ரப் வெளியேறினான். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் திறந்தது. "ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். இப்போது நான்கு பேர்தான் இருக்கிறோம். ஆகவே கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று தலைமையாசிரியர் வருத்தத்தோடு அறிவித்தார். "அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. பிரதிநிதி அவசியம் வர வேண்டும்."

"அய்யா, இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. அதுக்கப்பறம் தையல் போட முடியாதாம்யா. போன தடவ என் பிள்ள நாப்பது நிமிசம்..." என்று ஆரம்பித்த அஷ்ரப்பால் முடிக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை இவர்களிடமா சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் எழுந்து வந்து, ஆறடி தள்ளி நின்று, அவனுக்கு ஆறுதல் சொன்னார். "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. தையல் போடுவது எளிது. எந்தச் சாதாரண டாக்டரும் போட்டுவிடுவார். ஆனால் போட்டுவிட்டால் அந்த வாய் ஏன் திறக்கிறது என்று மனித குலத்துக்கு எப்படித் தெரியும்? நாங்கள் எதையும் செய்ய மாட்டோம். செய்யாமல் இருப்பதற்குத்தான் இத்தனை பேர், இத்தனை கருவிகள், இத்தனை பெரிய கட்டடம். உங்கள் மனைவியைப் போன்ற பத்தாயிரம் பெண்களை வருங்காலத்தில் காப்பாற்றுவோம். அந்தப் பத்தாயிரத்தில் அவர் இல்லை என்பது மட்டும்தான் ஒரு சின்னக் குறை."

இருபத்து நாலாம் வாரம் வந்தது, போனது. அஷ்ரப் மில்லை மூடிவிட்டு வீட்டோடு கிடந்தான். மிஸ்பாவைக் கட்டிலை விட்டு எழ விடவில்லை. தண்ணீர்கூட அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். தொழுகையில் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இன்னும் ஒரு வாரம். வாரம் முடிந்ததும் மறுபடியும் அதையே கேட்டான். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. அளவெடுக்காவிட்டால் பேறுகாலச் சீட்டில் முத்திரை விழாது, முத்திரை இல்லாத சீட்டை எந்தப் பிரசவ வார்டிலும் வாங்க மாட்டார்கள் என்று ஜெபஷீலா பயமுறுத்தி வைத்திருந்தாள்.

இருபத்தாறாம் வாரம் பதினைந்து மில்லிமீட்டர். வாசலிலிருந்து நாற்காலி வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். இருபத்தெட்டாம் வாரம் ஒன்பது. டாக்டரே ஜீப் வரை வந்து குடை பிடித்தார். புறவழிச்சாலையில் மிஸ்பாவின் படத்தோடு பிளெக்ஸ் போர்டு எழுந்தது. படத்துக்குக் கீழே 'விரைவில்' என்று போட்டிருந்தது. சின்னமனூர் போகிற வருகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் சனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏஞ்சலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். குழாயில் தண்ணீரை வீணாக்கினாளாம்.

முப்பதாம் வாரம் வெள்ளிக்கிழமை பகல். நிறுவனம் கொடுத்த சீட்டின்படி அன்றைக்கு அளவெடுக்கும் நாள். ஜீப்பின் குலுக்கலுக்குப் பயந்து அஷ்ரப் இந்தத் தடவை அதற்குக் காத்திருக்கவில்லை. தன் லோடு ஆட்டோவில் கொப்பரைச் சாக்குகளை மெத்தை மாதிரி அடுக்கி, அவளைப் படுக்க வைத்து மெல்ல ஓட்டி வந்தான். ஹாலில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்ததும் மிஸ்பா அதன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். நெற்றி வேர்த்தது.

"மச்சான், வலி எடுத்துருச்சு."

அவள் அதைச் சொன்னதுதான் தாமதம், ஹாலில் கைதட்டல் எழுந்தது. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். டாக்டர் வைகுண்டராஜ் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். கேமரா வந்தது. "இந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதல் நிகழ்வு..." என்று அவர் பேச ஆரம்பித்தபோது மிஸ்பா கத்தினாள். கேமராக்காரன், சத்தம் சரியாகப் பதியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்றான். டாக்டர் சொன்னார்.

அவளை உள்ளே கொண்டுபோய் மாதிரி எடுத்தார்கள். ஒரு பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு சளி. அவ்வளவுதான். அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, புகை எழும் பனிப்பெட்டியில் வைத்து, பெட்டிக்கு மாலை போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு நடந்தார்கள். அஷ்ரப் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஆம்புலன்ஸின் கதவு பெட்டிக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

"இவளையும் ஏத்துங்க! தேனிக்குக் கொண்டு போகணும், பிள்ள வந்துரும்!"

"ஆளை ஏற்றினால் வண்டிக்குள் சூடு ஏறும். மாதிரி கெட்டுவிடும்" என்றார் டாக்டர். "பதற்றப்படாதீர்கள். எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது."

ஆம்புலன்ஸ் டிரைவர் அழகர், பெரிய மீசை வைத்த மனிதர், கண்ணாடியை இறக்கினார். "பாய், பேசிக்கிட்டு நிக்காதீக. ஒங்க ஆட்டோல ஏத்துங்க. என் வண்டிக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வாங்க. எனக்கு விடுற வழிதான் ஒங்களுக்கும்."

அப்படித்தான் அந்த ஊர்வலம் போனது. முன்னால் சைரன் அலற ஒரு சொட்டு சளி; பின்னால் கொப்பரைச் சாக்கில் அதற்குச் சொந்தக்காரி. சின்னமனூரில் போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்கினார். லாரிகள் ஓரங்கட்டின. வீரபாண்டியில் ஒரு கல்யாண ஊர்வலமே நின்று வழிவிட்டது. பின்னால் எண்ணெய் நாறும் ஆட்டோவுக்குள்ளிருந்து மிஸ்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அஷ்ரப் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே கத்தினான்: "இந்தா வந்துருச்சு மிஸ்பா, இந்தா வந்துருச்சு." தேனிக்குள் நுழைந்ததும் அழகர் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியைக் காட்டிவிட்டு, மதுரை ரோட்டில் நேராகப் போய்விட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் சீட்டில் முத்திரை இருக்கிறதா என்று கேட்கவில்லை, வளையலைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. வயிற்றைத்தான் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆயிரத்து முந்நூறு கிராம். கதவுக்கு வெளியே நின்ற அஷ்ரப் மொபைலில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து நிமிடம், இருபது, முப்பது. நாற்பதாவது நிமிடம் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டான். நாற்பத்தொன்று ஆனது. உள்ளே குழந்தை அழும் சத்தம், பூனைக்குட்டி மாதிரி சின்னதாக, ஆனால் நிற்காமல் கேட்டது. அவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மூச்சு விடுகிறாள், பால் இறங்குகிறது, இரண்டு மாதம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் தேறிவிடுவாள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். நாலாம் நாள் எடை ஆயிரத்து இருநூற்றுப் பத்து ஆனபோதும், பிறந்ததும் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், பயப்படாதீர்கள் என்றார்.

அன்றைக்கு வார்டு வாசலில் சிமெண்டு பெஞ்சில் அஷ்ரப் உட்கார்ந்திருந்தபோது ஜெபஷீலா வந்தாள். கையில் ஓர் அட்டை. ஒரு குட்டி வளையல், சாம்பல் நிறம், அவன் சுண்டுவிரலில் மாட்டலாம்.

"மாதிரி அருமையா வந்திருக்காம் பாய். டாக்டர் பரிசு வாங்க வெளிநாடு போறாக" என்று அட்டையை நீட்டினாள்.

அஷ்ரப் வாசித்தான். எண்: 417-அ. பெயர்: வைக்கப்படவில்லை. வயது: நான்கு நாள். தகப்பனார்: குழப்பக் காரணி. கணவர் பெயர்: பின்னர் நிரப்பப்படும். முதல் மாதிரி எடுக்க வேண்டிய நாள்: கருவுற்ற பதினாறாம் வாரம்.

"என்னங்க இது? பச்சப்பிள்ளைங்க."

"சம்மதப் படிவம் பத்தொன்பதாம் பக்கம் பாய். 'பங்கேற்பாளரும் அவர் வழிவந்த பெண்மக்களும்'. தாய்க்கு முன்கூட்டியே தெறந்தா மகளுக்கும் தெறக்குமாங்கிறது அடுத்த ஆராய்ச்சி."

"எம்பிள்ள வேணாம். நாங்க வெலகிக்கிறோம். எங்கன கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

"நீங்க போட முடியாது. அவுகளுக்குப் பதினெட்டு வயசு முடியட்டும். நேர்ல வந்து எழுதிக் குடுத்தாக் குழு பரிசீலிக்கும்." அவள் வார்டுக் கதவில் தொங்கிய எடைப் பட்டியலைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்து. அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். திரும்பியபோது அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

லிப்ட் கதவு திறந்தது. நிறுவனத்து ஆட்கள் இரண்டு பேர் பச்சை வெல்வெட் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, குழந்தைகள் வார்டின் வாசலில் நிறுத்தி, துணியால் துடைத்தார்கள். பக்கத்தில் பாதாம் பால் பிளாஸ்க்கை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அஷ்ரப் ஜெபஷீலாவைப் பார்த்தான். "என்ன தெரிஞ்சு போச்சு ஒங்களுக்கு? சொல்லுங்க. என்ன எதிர்பாக்குறீக?"

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். நின்றிருந்தவர்கள் மிகுந்த பணிவோடு தலைகுனிந்தார்கள். அந்த நேரம் பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்காக மிஸ்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்து வந்தாள். நாலு நாள் களைப்பில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அவள் அதைப் பிடித்து மெல்ல உட்காரப் போனாள்.

"உக்காராத!" என்று அலறிக்கொண்டு ஓடினான் அஷ்ரப்.